குழி மூடும் நாள் பார்த்துப் போங்கள்

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் மெஸ்கால் என்ற சாராயம் காய்ச்சும் பட்டறை ஒன்றைப் பார்க்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ‘எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?’ என்பதல்ல. ‘இந்த வாரம் உங்களிடம் என்ன வேலை?’ என்பதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்: ஆறிப்போன ஒரு குழி, சும்மா கிடக்கும் ஒரு கல் சக்கரம், நிழலில் நின்று புல் மெல்லும் ஒரு குதிரை, மேசையில் வரிசையாக ஆறு குப்பிகள். ஒரு மணி நேரத்தில் சுற்றிக் காட்டி, ருசி பார்க்கவைத்து அனுப்பிவிடுவார்கள். தவறு அவர்களுடையதல்ல. மெஸ்கால் தொழிற்சாலைச் சரக்கு போல ஒரு முனையில் செடி நுழைந்து மறு முனையில் பாட்டிலாக வெளியே வருகிற காரியம் இல்லை. சில நாள் குழியில் நெருப்பு, சில நாள் ஆட்டும் வேலை, அப்புறம் தொட்டியில் ஊறல், அதற்குப் பிறகுதான் அடுப்பு. ஒரு ஈடு முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தில் நாம் எந்த நாளில் போய் நிற்கிறோமோ அந்த நாளின் வேலைதான் நமக்குக் கிடைக்கும்.

எந்த நாள் உத்தமம் என்று கேட்டால் என் ஓட்டு குழி மூடும் நாளுக்கு. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் செடியைப் பற்றிக் கொஞ்சம்.

வேலியில் நிற்கும் உறவு

நம் ஊரில் ரயில் பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், மடல் ஓரமெல்லாம் முள்ளோடு நிற்குமே ஆனைக் கற்றாழை, அது இந்த இனம்தான். அகாவே என்பது தாவரவியல் பெயர். மெக்சிகோவில் மகெய் என்பார்கள். அங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்த செடி. நாம் அதில் நார் உரித்துக் கயிறு திரித்தோம். பள்ளிக்கூடம் போகிற வழியில் மடலில் முள்ளால் பெயர் கிறுக்கினோம். அதன் நடுத்தண்டைச் சுட்டுத் தின்னலாம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. (சொன்னேன் என்று உடனே அரிவாள் எடுக்க வேண்டாம். பச்சை மடலின் சாறு தோலில் பட்டால் அரிப்பு நாள்கணக்கில் நிற்கும்.)

பெயரில் கற்றாழை இருந்தாலும் சோற்றுக் கற்றாழைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை. தாவரவியலார் இன்று இதைச் சேர்த்திருப்பது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில். ஆயுளில் ஒருமுறைதான் பூக்கும், பூத்தால் செத்துப்போகும். பூக்கும் தறுவாயில் நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று மரம் போல எழும்பும். அத்தனை வருடம் சேர்த்துவைத்த இனிப்பையெல்லாம் அந்தத் தண்டே குடித்துவிடும் என்பதால், எழும்பும்போதே அதை வெட்டிவிடுவார்கள். இனிப்பு கீழேயே தங்கும். பிறகு மடல்களைச் சீவி எறிந்தால் அன்னாசிப் பழத்தைப் பெரிதாக்கியது போல ஓர் உருண்டை மிஞ்சும். பீன்யா என்றே அதற்குப் பெயர். ஸ்பானிய மொழியில் அன்னாசி.

வஹாக்காவில் அதிகம் பயிராகும் ரகம் எஸ்படீன். 6 முதல் 10 ஆண்டுக்குள் வெட்டுக்கு வரும். மலைச் சரிவில் தானாக முளைக்கும் தொபலா சிறிய செடி. 10 ஆண்டுக்கு மேலும் பிடிக்கும். பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு வளரும் தெபெஸ்தாத்தே 25 ஆண்டுவரைகூடக் காக்கவைக்கும். அப்பா பார்த்துவைத்த செடியை மகன் வெட்டுகிறான். ஒரு லிட்டர் மெஸ்காலுக்கு எஸ்படீன் என்றால் 10 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், சிறு கிண்ணத்தில் ஊற்றித் தரும்போது ‘இவ்வளவுதானா?’ என்று முகம் சுளிக்கத் தோன்றாது.

எந்த ஊர்?

காய்ச்சும் இடத்துக்கு வஹாக்காவில் பலேங்கே என்று பெயர். மிச்சோவகானில் வினாத்தா, கெர்ரேரோவில் வெறுமனே ஃபாப்ரிகா. மெஸ்கால் என்ற பெயரைச் சட்டப்படி சூட்டிக்கொள்ளும் உரிமை 1994-ல் புவிசார் காப்பாக முதலில் ஐந்து மாநிலங்களுக்குத் தரப்பட்டு, பிறகு ஒவ்வொன்றாக நீண்டது. ஆனாலும் காய்ச்சுவதில் மிகப் பெரும்பங்கு வஹாக்காவினுடையது. முதல் பயணத்துக்கு வேறு மாநிலம் தேட வேண்டியதில்லை.

வஹாக்கா நகரிலிருந்து கிழக்கே மித்லா பக்கம் போகும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது சந்தியாகோ மத்தத்லான். உலகின் மெஸ்கால் தலைநகரம் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஊர்; நுழைவாயில் வளைவிலேயே அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். சாபோதெக் பழங்குடிகளின் ஊர். சாலையின் இருபுறமும் பலேங்கேக்கள். சொல்லாமல் கொள்ளாமல் போனாலும் யாராவது ஒருவர் வாசலில் நின்று கூப்பிடுவார். அதுவே அந்த ஊரின் வசதி, அதுவே குறையும். சாலையோரக் கடைகள் சிலவற்றில் பால், பழம், காபி என்று வாசனை சேர்த்த இனிப்பு மெஸ்கால் குப்பிகள்தான் முன்வரிசை. காய்ச்சுகிறவர் பின்னால் எங்கோ இருப்பார். நம்மிடம் பேசுகிறவர் விற்பனையாளர்.

தெற்கே ஒகோத்லான் பக்கம் சாந்தா கத்தரீனா மினாஸ். இங்கே செம்புக் கொதிகலன் கிடையாது, மண்பானை. சிறிய ஊர், முன்கூட்டிச் சொல்லாமல் போனால் கதவு திறக்காது. தென்மேற்கே மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் சோலா தே வேகா, அங்கும் மண்பானைதான். மத்தத்லானுக்கு அப்பால் மலைக்குள் சான் லூயிஸ் தெல் ரியோ போன்ற ஆற்றோர ஊர்கள் இருக்கின்றன. 1995-ல் தொடங்கிய தெல் மகெய் என்ற நிறுவனம் பாட்டிலில் ஊர்ப் பெயரையே போட்டு விற்க ஆரம்பித்த பிறகு இந்த ஊர்களின் பெயர்கள் நியூயார்க் மதுக்கடைகளில் அடிபட்டன. அதற்கு முன்னால் மெஸ்கால் என்றாலே அடியில் புழு மிதக்கும் மலிவு பாட்டில் என்பதுதான் வெளியுலகின் நினைப்பு. அந்தப் புழு பழைய மரபு ஒன்றுமில்லை. 20-ம் நூற்றாண்டின் நடுவில் வந்த விற்பனை உத்தி.

இரண்டு நாள் இருந்தால் ஒரு நாள் மத்தத்லான் பக்கம், ஒரு நாள் மினாஸ். ஒரே நாளில் ஐந்து பலேங்கே என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்துப்போகும், நான்காவதில் காது.

குழி, செக்கு, ஊறல்

குழியைப் பார்த்தால் செங்கல் சூளை நினைவுக்கு வரும். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், மேலே அகன்று கீழே குறுகிய புனல் வடிவம். அடியில் விறகு அடுக்கித் தீ மூட்டி, அதன் மேல் கற்களைக் கொட்டுவார்கள். விடியலுக்கு முன் மூட்டிய தீயில் கற்கள் கனன்று சிவக்கச் சில மணி நேரம் பிடிக்கும். புகை அடங்கி, கல் மட்டும் தகதகக்கும் நேரம் பார்த்து, முந்தைய ஈட்டின் ஈரச் சக்கையை மேலே பரப்புவார்கள். கிழங்கு கருகிவிடக் கூடாது அல்லவா. பிறகு ஆரம்பிக்கிறது ஓட்டம். பாதியாகவும் காலாகவும் பிளந்த பீன்யாக்களை வரிசையாக நின்று கைமாற்றி எறிந்து குழிக்கு மேல் ஒரு கோபுரமாகக் குவிக்கிறார்கள். பல டன். அதன் மேல் பாய் அல்லது சாக்கு, அதன் மேல் மண். எங்கே புகை கசிகிறதோ அங்கே ஓடிப் போய் ஒரு மண்வெட்டி மண். சூடு தப்பக் கூடாது.

இந்த ஒரு பகல் பொழுதில் அந்தக் குடும்பத்தின் உறவுமுறை முழுக்கத் தெரிந்துவிடும். மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வந்திருப்பார்கள். வேலையை ஏவுகிற கிழவர் யார், அவர் சொன்னதற்கு எதிர்ப்பேச்சுப் பேசும் துணிச்சல் யாருக்கு உண்டு என்பதும் விளங்கும். பார்வையாளர் கையில்கூட ஒரு துண்டு பீன்யாவைக் கொடுத்து எறியச் சொல்வார்கள். மற்ற நாள்களில் நாம் விருந்தாளி. குழி மூடும் நாளில் ஒரு கை. என் ஓட்டு அந்த நாளுக்கு என்று சொன்னது இதனால்தான். சமையலும் அன்று தடபுடலாக இருக்கும் என்பது உபரிக் காரணம்.

மூடிய குழி மூன்றிலிருந்து ஐந்து நாள் தன்பாட்டுக்கு வேகும். திறக்கும்போது வெள்ளையாகப் போன கிழங்கு பழுப்பேறி, பாகு சொட்டிக்கொண்டு வெளியே வரும். பிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி வெந்து இனிப்பாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்காகத்தான் இத்தனை பாடு. ஒரு துண்டு கிள்ளித் தருவார்கள். கரும்பு போல மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும். சுட்ட சர்க்கரைவள்ளியும் கருப்பட்டியும் கொஞ்சம் புகையும் கலந்த ருசி. மெஸ்கால் என்ற சொல்லே நாவாட்ல் மொழியில் ‘சுட்ட மகெய்’ என்று பொருள்படுவது. குடிக்கப் பிடிக்காதவர்கள் இந்தத் துண்டுக்காகவே போகலாம்.

அடுத்தது ஆட்டுவது. நம் பாட்டன்மார் வீடு கட்டச் சுண்ணாம்பு அரைத்த செக்கை இன்னும் சில கிராமங்களில் பார்க்கலாம்: வட்டப் பள்ளம், அதில் உருளும் கல் சக்கரம், நடுவில் ஒரு தூண், சுற்றிவர மாடு. அதே அமைப்பு. பெயர் தவோனா, இழுப்பது குதிரை அல்லது கோவேறு கழுதை. மினாஸ் போன்ற ஊர்களில் இதுவும் இல்லாமல், குழிவான மரத் தொட்டியில் போட்டுக் கட்டை உலக்கையால் இடிக்கிறவர்கள் உண்டு. பார்க்கத்தான் அழகு. அரை மணி நேரம் இடித்துப் பார்த்தால் இயந்திரம் வாங்கியவர்களைக் குறை சொல்லும் வாய் அடைத்துவிடும்.

நசுங்கிய நாரும் சாறுமாக மரத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் என்று எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பது போதும். இரண்டாம் நாளே கொதிப்பது போலச் சத்தம் வரும். தொட்டியில் காது வைத்துக் கேட்கச் சொல்வார்கள். வெயில் காலத்தில் நாலைந்து நாள், குளிரில் இரட்டிப்பு. எப்போது போதும் என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தும் சத்தம் அடங்குவதைக் கேட்டும் முடிவு செய்கிறார்கள். ஒரு நாள் தாமதித்தால் புளித்துக் கெடும். அந்த முடிவு விழும் நாள் எது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ‘வியாழக்கிழமை அடுப்பு மூட்டுவோம்’ என்றவர் சனிக்கிழமை மூட்டினால் அவர் வாக்குத் தவறியதாக அர்த்தமில்லை. உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள்.

பானைக்குள் ஒரு கடல் பயணம்

அடுப்பு நாள் மத்தத்லானில் என்றால் செம்புக் கொதிகலன், குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் குழாய். பெரும்பாலும் 250, 300 லிட்டர் கொள்ளும். மினாஸில் நடப்பது வேறு. அடுப்பில் கட்டிவைத்த மண்பானை. அதன் மேல் அடியில்லாத இன்னொரு பானை. அதன் தலையில் ஒரு செம்புக் கிண்ணி, கிண்ணி நிறையக் குளிர்ந்த நீர். ஆவி மேலே எழும்பிக் கிண்ணியின் அடியில் பட்டுக் குளிர்ந்து உள்ளேயே சொட்டுகிறது. அந்தச் சொட்டை ஏந்த உள்ளே ஒரு கரண்டி போன்ற துண்டு, அதிலிருந்து நாணல் குழாய் வெளியே. பானைகள் பொருந்தாத இடத்தில் ஈர மண்ணும் சக்கையும் பூசி அடைப்பு.

நம் பக்கத்தில் வாலை (காய்ச்சி வடிக்கும் கலன்) என்ற சொல்லுக்கு இன்னும் பொருள் தெரிந்தவர்கள் இந்தப் பானை அடுக்கைப் பார்த்தால் திகைப்பார்கள். திகைப்பில் நியாயம் இருக்கிறது. ஆவியை உள்ளேயே குளிரவைத்து வடிக்கும் இந்த வடிவம் ஆசியாவினுடையது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் பசிபிக் கரைக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. அவற்றில் வந்திறங்கிய பிலிப்பைன்ஸ் ஆட்கள் கொலீமா கரையில் தென்னை வைத்தார்கள், பாளை சீவினார்கள், கள் இறக்கினார்கள், காய்ச்சினார்கள். கொலீமா நகரத் தெருக்களில் இன்றும் தென்னங்கள்ளை ‘தூபா’ என்று பிலிப்பைன்ஸ் பெயரிலேயே கூவி விற்கிறார்கள். அந்தப் பிலிப்பைன்ஸ் ஆட்களிடமிருந்து வாலையின் நுட்பம் மகெய்க்கு மாறியது என்பது ஒரு கட்சி. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே வடித்தல் இருந்தது என்பது எதிர்க்கட்சி. வழக்கு முடியவில்லை. முடியாவிட்டாலும், உலகின் மறுபக்கத்தில் ஒரு மலையூரில் மண்பானை முன் உட்கார்ந்துகொண்டு தென்னங்கள்ளைப் பற்றி யோசிக்கும்படி ஆகிறது பாருங்கள், அதற்கே டிக்கெட் காசு சரி.

காலனிய அரசுக்கு இந்தச் சாராயம் பிடிக்கவில்லை. ஸ்பெயினிலிருந்து வரும் மதுவின் வியாபாரம் கெட்டது. 1785-ல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் தடையே போட்டார். பள்ளத்தாக்குகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒளிந்து காய்ச்சிய பழக்கம் அந்தக் காலத்தின் மிச்சம். ஓடை அருகில் இருந்தது தண்ணீருக்காக மட்டுமல்ல.

இரண்டு முறை வடிக்கிறார்கள். முதல் வடி மெலிந்தது. இரண்டாவதில் முதலில் வரும் காரமான பகுதியைத் தனியே எடுத்து, நடுப்பகுதியைச் சேர்த்து, கடைசியில் வரும் நீர்த்ததை ஒதுக்குவார்கள். பிறகு மூன்றையும் தேவைக்கேற்பக் கலந்து பதம் சேர்ப்பது. இந்தப் பதத்துக்குக் கருவி ஒரு நாணல் குழாயும் ஒரு சுரைக்குடுக்கைக் கிண்ணமும். குழாயில் உறிஞ்சிக் கிண்ணத்தில் பீய்ச்சினால் மேலே முத்து முத்தாகக் குமிழ் கட்டும். குமிழின் அளவு, அது எத்தனை நேரம் உடையாமல் நிற்கிறது என்பதை வைத்து 48 சதவீதமா 50-ஆ என்று சொல்லிவிடுவார்கள். அளவுமானி வைத்துச் சரிபார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. கருப்பட்டிக் கொப்பரையில் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற கையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பயப்படலாமா?

பானை, ஊறல், நாணல் குழாய் என்றதும் நம் வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்ததை மறக்கவா முடியும்? ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே கொன்றது காய்ச்சியது அல்ல, கலந்தது: ஆலைகளுக்கான மெத்தனால். நார் நிறைந்த எந்தச் செடியை ஊறவைத்தாலும் சிறிதளவு மெத்தனால் உண்டாகும். மெஸ்காலிலும் உண்டு, அதற்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, சான்று பெறும் ஒவ்வோர் ஈடும் ஆய்வகத்துக்குப் போகிறது. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு எதை ஊற்றுவாரோ அதையே உங்களுக்கும் ஊற்றுகிறவரிடம் குடிப்பது ஒன்று. சந்தையில் யாரென்று தெரியாதவர் நீட்டும் பெயரில்லாத குப்பி வேறு. பின்னதைத் தொடாதீர்கள்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ம் ஆண்டின் விதிப்படி மெஸ்காலில் மூன்று வகை. வெறும் ‘மெஸ்கால்’ என்றால் பெரிய இயந்திரங்களும் அனுமதி. ‘அர்தெசனால்’ என்றால் குழி அல்லது கல் அடுப்பு, நேரடி நெருப்பு. ‘அன்செஸ்த்ரால்’ என்றால் மண்குழி, தவோனா அல்லது உலக்கை, மண்பானை. 35 முதல் 55 சதவீதம் வரை காரம் இருக்கலாம். பார்க்கப் போகும் இடம் பின்னிரண்டு வகையில் இருந்தால் இந்தக் கட்டுரையில் சொன்னதெல்லாம் கண்ணுக்குக் கிடைக்கும். ஆனால் சான்றிதழுக்குச் செலவும் காகித வேலையும் உண்டு. அதற்கு வழியில்லாத, அல்லது மனமில்லாத நல்ல கைகள் பலர் ‘அகாவே வடி’ என்று மட்டும் எழுதி விற்கிறார்கள். சட்டப்படி அது மெஸ்கால் இல்லை. ருசிப்படி தீர்ப்பு உங்களுடையது.

கேட்கக் கூச்சப்பட வேண்டாத கேள்விகள்

2011-ல் சான்று பெற்ற மெஸ்கால் சுமார் 10 லட்சம் லிட்டர். 2022-ல் 1 கோடியே 40 லட்சம். ஒரு செடி வளர எட்டு வருடம் பிடிக்கிற தொழிலில் பதினோரு வருடத்தில் பதினான்கு மடங்கு. எங்கிருந்து வந்தது அத்தனை மகெய்? மத்தத்லானிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் விடை தெரியும். சோளமும் அவரையும் பூசணியும் கலந்து விளைந்த நிலத்திலும், மலைச்சரிவுக் காட்டை வெட்டிய இடத்திலும் எஸ்படீன் மட்டும் கோடு போட்டாற்போல நிற்கிறது. குழிக்கு விறகு வேண்டும், அதுவும் காட்டிலிருந்துதான். வடித்த பிறகு மிஞ்சும் புளித்த கழிவுநீர் மெஸ்காலைப் போலப் பல மடங்கு; ஓடையில் விட்டால் மீன் மிதக்கும்.

வௌவாலுக்கும் கணக்கு இருக்கிறது. மகெய் பூவில் இரவில் தேன் குடித்து மகரந்தம் சுமப்பது நீள்மூக்கு வௌவால். பூத்தண்டையெல்லாம் வெட்டிவிட்டால் அதற்கு இரையில்லை, செடிக்கும் விதையில்லை. பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டே தலைமுறை தலைமுறையாக ஓட்டினால் வயல் முழுக்க ஒரே செடியின் நகல், ஒரு நோய் வந்தால் எல்லாம் போகும். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் ரோத்ரீகோ மெதெயின் என்ற வௌவால் ஆய்வாளர், தோட்டத்தில் ஒரு பங்குச் செடியையாவது பூக்க விடுங்கள் என்று உற்பத்தியாளர்களிடம் பேசிப் பேசி ஒரு திட்டத்தையே உருவாக்கியிருக்கிறார்.

ஆகவே பலேங்கேயில் கேளுங்கள்: விறகு எங்கிருந்து? கழிவுநீர் எங்கே போகிறது? பூக்கவிட்ட செடி எங்கே நிற்கிறது, காட்டுங்கள்? அக்கறையுள்ளவர் முகம் மலர்ந்து தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். மினாஸில் ரியால் மினேரோ குடும்பத்தின் கிராசியேலா ஆங்ஹெலெஸ் போன்றவர்கள் விதையிலிருந்து நாற்று வளர்ப்பதைக் காய்ச்சுவதற்கு இணையான வேலையாகவே நடத்துகிறார்கள். கேள்வியைத் தட்டிக்கழித்து அடுத்த குப்பியைத் திறப்பவரிடம் நானாக இருந்தால் எதையும் வாங்க மாட்டேன்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசா செல்லுபடியாக இருந்தால் சுற்றுலாவுக்குத் தனியே தேவையில்லை. மெக்சிகோ நகரிலிருந்து வஹாக்காவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பேருந்தில் ஏழு மணி நேரம் வரை. நகரம் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் சில்லென்றிருக்கும்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையில்லாக் காலம். மழைக்காலத்தில் சோளம் விதைக்கப் போய்விடுவதால் உள்ளூர்ப் பலேங்கேக்கள் பல மூடிக்கிடக்கும். விறகும் நனைந்திருக்கும், மகெயும் நீர் கோத்திருக்கும். ஜூலைக் கடைசியின் கெலகெத்சா விழாவும் நவம்பர் தொடக்கத்தின் இறந்தோர் நாளும் கண்கொள்ளாக் காட்சிகள்தான், ஆனால் பலேங்கே பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. அறை கிடைக்காது, காய்ச்சுகிறவரும் வீட்டில் இருக்க மாட்டார்.

வாட்ஸ்அப்பில் பேசிவிட்டுப் போங்கள். நாலு வரி ஸ்பானியம் கற்றுக்கொண்டால் போதும், காய்ச்சுகிறவர்களில் பலருக்கே அது இரண்டாம் மொழி. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. பெயருக்கு முன் ஆணுக்கு தோன், பெண்ணுக்கு தோன்யா. சுற்றிக் காட்டக் காசு கேட்காத இடமாக இருந்தால் ஒரு குப்பியாவது வாங்குவது மரியாதை. வண்டி ஓட்டாதீர்கள், ஆளமர்த்திக்கொள்ளுங்கள். கிராமத்தார் ஏதாவது கோரிக்கைக்காக நெடுஞ்சாலையை மறித்துக்கொள்வது வஹாக்காவில் வாடிக்கை, உள்ளூர் ஓட்டுநருக்குத்தான் மாற்றுவழி தெரியும். ஞாயிறு என்றால் வழியில் த்லாகோலூலா சந்தையில் இறங்குங்கள்; எந்த நாளானாலும் தூலே ஊரின் பெருமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அதன் அடிமரத்தின் சுற்றளவு 40 மீட்டருக்கு மேல்.

சைவக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. மெஸ்காலுடன் ஆரஞ்சுத் துண்டில் தூவித் தரும் செந்நிற உப்பில் இருப்பது மிளகாய் மட்டுமல்ல, வறுத்துப் பொடித்த மகெய்ப் புழு. ‘பெச்சூகா’ என்று எழுதிய குப்பி பண்டிகைக்கானது; மூன்றாம் முறை வடிக்கும்போது பழங்களோடு கோழி அல்லது வான்கோழி நெஞ்சுக் கறியை ஆவியில் தொங்கவிட்டுச் செய்வது வழக்கம். த்லயூதா என்ற பெரிய சோள அப்பத்தில் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். ‘சின் ஆசியெந்தோ’ என்றால் தடவாமல் தருவார்கள்.

குடிக்கிறவர்கள் வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு உட்காருங்கள். அங்கே மெஸ்கால் குடிப்பதை முத்தம் கொடுப்பது என்கிறார்கள்: உதட்டை நனைக்கும் அளவு, அவ்வளவுதான். ஒரே மூச்சில் கவிழ்த்தால் காய்ச்சியவர் ஒன்றும் சொல்ல மாட்டார்; அடுத்த முறை நல்ல குப்பியைத் திறக்கவும் மாட்டார். இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். காரம் பறந்த பிறகு சுட்ட கிழங்கின் வாசனை கையிலேயே நிற்க வேண்டும். திரும்பும்போது பெட்டியில் வைத்து அனுப்புங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. குப்பியில் ஒட்டிய சீட்டில் காய்ச்சியவர் பெயர், ஊர், மகெய் ரகம், ஈட்டு எண் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாத பிளாஸ்டிக் குப்பி அந்த ஊர் வாசலிலேயே தீர்ந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஆள் அமர்த்தப் பணமில்லாதவர்களுக்கு மத்தத்லானிலிருந்து திரும்ப ஷேர் டாக்சி உண்டு. சாலையோரத்தில் நின்றால் வரும். ஏறி உட்கார்ந்ததும் கிளம்பிவிடும் என்று எண்ண வேண்டாம். இடம் நிரம்ப வேண்டும். ஓட்டுநர் கதவில் சாய்ந்துகொண்டு, அந்தக் கடைசி ஆளுக்காக ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.